மூடுபனியை மட்டும் வெட்டுகிற கத்தி

முதலில் கேட்டது ஒரே ஒரு டக். ஆனி மாதம், மணி எட்டுகூட ஆகவில்லை, என் வீட்டுக்காரர் டீ ஃபேக்டரிக்கு ராத்திரி ஷிப்டு போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது, ஏழு மாதத்துக் குழந்தை ரெஜினா பால் குடித்த வாயைத் துடைக்கவும் விடாமல் தூங்கிப்போயிருந்தாள், நான் தாழ்ப்பாள் விழாத வாசல் கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த கேஸ் சிலிண்டரைப் பார்த்தபடியே சோறு தின்றுகொண்டிருந்தேன். அப்போது மேஜை டிராயருக்குள்ளிருந்து, யாரோ நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி விடுவித்தது போல, ஒரே ஒரு முறை, டக்.

நான் கான்வென்டில் படித்தவள். பயம் வந்தால் முதலில் அருள் நிறைந்த மரியே, அப்புறம் கரண்டி. இரண்டையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு டிராயரைத் திறந்தேன். நான் மடித்து வைத்திருந்த மடக்குக் கத்தி விரிந்து கிடந்தது, அவ்வளவுதான். மடித்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். தட்டில் மிச்சமிருந்த சோறு ஆறுவதற்குள் மறுபடியும் டக்.

அந்தக் கத்தி எங்கள் வீட்டுக்கு வந்ததே கதவால்தான். தேன்பாறை எஸ்டேட்டின் கடைசி லைனில் ஆறு வீடுகள், ஆறாவது எங்களுடையது, அதற்கப்பால் தேயிலை, தேயிலைக்கு அப்பால் சோலைக்காடு. ஆனியும் ஆடியும் எங்கள் மலையில் மூடுபனிக்குச் சொந்தம். அது மரத்துக்குள் போய்ப் போய், எங்கள் கதவு பிள்ளைத்தாச்சி மாதிரி ஊதி, நிலையில் உட்காராமல் ஒரு விரற்கடை துருத்திக்கொண்டு நின்றது. தாழ்ப்பாளைத் தள்ளினால் ஓட்டைக்குப் போகாமல் மரத்தில் முட்டும். எஸ்டேட் தச்சர் தங்கவேல் ஆசாரி வந்து தட்டிப் பார்த்து, இப்போது இழைத்தால் மாசியில் சுருங்கிச் சந்து விழும், வெயில் வரட்டும் என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துப் போனார். அந்த வருஷம் பார்த்து ஒரு கரடி வேறு எண்ணெய்க்குப் பழகியிருந்தது. மாரியம்மன் கோயில் விளக்கில் இருந்ததை நக்கிவிட்டு, ரேஷன் கடைக் கதவைத் தோளால் தள்ளிப் பாமாயில் பாக்கெட்டுகளைக் கிழித்துக் குடித்துவிட்டு, பிள்ளைக் காப்பகத்து அடுப்படியையும் பார்த்துவிட்டுப் போயிருந்தது. கதவைத் தள்ளத் தெரிந்த கரடி. என் கதவோ தள்ளினால் திறக்கிற கதவு.

எனக்குப் பயமாயிருக்குதுங்க என்று என் வீட்டுக்காரர் ஞானப்பிரகாசத்திடம் சொன்னேன். அவர் ஏலம் நடக்கிற இடத்தைத் தாண்டிப் போகத் தெரியாத மனுஷர். பழைய மேனேஜர் பங்களாவைக் காலி செய்து சாமான்களை ஏலம் விட்டபோது, கதவு ஏதும் ஏலத்துக்கு வராததால் கத்தியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். பல்பு வெளிச்சத்துக்குக் கீழே என்னை உட்காரவைத்து, பெண் பார்த்துவிட்டு வந்தவர் போல அதன் குணங்களைச் சொன்னார். காதுக்குப் பக்கத்தில் விரித்து மடித்து, கேளு செலீனா, இழுவையில்லாம ஒரே சத்தம், உள்ளே வில்லு தேயலை என்றார். அலகைப் பிடித்து இடதும் வலதும் ஆட்டிப் பார்த்து, ஆடவில்லை என்றார். மடித்து மேலிருந்து பார்க்கச் சொல்லி, எந்தப் பக்கமும் உரசாமல் நடுவில் நிற்கிறதா என்றார். எலும்புப் பிடியில் ஆணி அடித்த இடத்தில்தான் முதலில் விரிசல் விடுமாம், விடவில்லை. சாணை பிடித்துப் பிடித்து அலகு மெலிந்திருக்குமாம், மெலியவில்லை. அடியில் சின்னதாக ஒரு நங்கூர முத்திரைகூட அழியாமல் இருந்தது. அலகு முழுக்கப் புறாவின் கழுத்து மாதிரி ஒரு சாம்பல் நிறம் படிந்திருந்தது. அது அழுக்குமில்லை துருவுமில்லை, அதன் வயசு, அதைத் தொடவே கூடாது என்றார். எல்லாம் பார்த்து வாங்கியவர் ஒன்றை மட்டும் பார்க்கவில்லை. அது வெட்டுமா என்று.

வெட்டவில்லை. வெங்காயத்தின் மேல் வழுக்கியது, வாழைப்பழத்தை நசுக்கியது. நான் அதை டிராயரில் போட்டேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் டிராயரில் டக் என்றதும், நான் திரும்பிப் பார்க்க, கதவிடுக்கு வழியாக வெள்ளையாக ஏதோ மூக்கை நுழைத்தது. கரடிதான் என்று நினைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, கத்தியால் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. கொடியிலிருந்து ஈரப்போர்வை விழுந்த மாதிரி சத்தம் கேட்டது. தரையில் முழ நீளத்துக்கு, மூன்று விரல் கனத்துக்கு, ஒரு துண்டு மூடுபனி கிடந்தது. ஓரம் பிசிறில்லாமல் இருந்தது. தையல் வகுப்பில் சிஸ்டர் பெர்னதெத் பார்த்திருந்தால் பத்துக்கு ஒன்பது போட்டிருப்பார். கரடி இல்லை என்ற நிம்மதியில் அதை நான்காக மடித்து, அலுமினியப் பேசினில் வைத்து, தட்டால் மூடிவிட்டுப் படுத்தேன்.

காலையில் ஐந்தாம் வீட்டுப் பொன்னுமணி அக்கா காப்பித்தூள் கேட்டு வந்தவள், பேசினைத் திறந்து பார்த்து, விரலால் அழுத்திப் பார்த்து, இது எத்தனை நாள் தாங்கும் கண்ணு என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றேன். அப்படியானால் கத்தரித்து எனக்கொரு துண்டு கொடு, நேற்று கரண்டு போய்ப் பால் திரிந்துவிட்டது என்றாள். மூன்று நாள் தாங்கியது. நாலாம் நாள் கொஞ்சம் யூகலிப்டஸ் வாசனையும் பேசினடியில் ஒரு மடக்குத் தண்ணீரும் மிச்சம்.

அதற்கப்புறம் தேன்பாறையில் மூடுபனி வீட்டுச் சாமானாகிவிட்டது. பனி வீட்டு வாசலுக்கு வரும்போதெல்லாம் டிராயரில் டக் என்னும், நான் எழுந்துபோய் வெட்டுவேன், விடிந்ததும் லைன் முழுக்கக் கிண்ணத்தோடு நிற்கும். மீன்காரர் மத்திக்கு மேல் போர்த்திக்கொண்டு கடைசி வீடு வரை கண் கலங்காத மீன் விற்றார், காய்ச்சல்காரப் பிள்ளைகளுக்கு நெற்றியில் போட்டார்கள், ஈரோட்டிலிருந்து பெண்ணெடுத்த வீட்டில் சம்பந்திகள் மலையைப் பார்க்க வந்து வெயிலடித்துப்போனதால் போட்டோவுக்குப் பின்னால் கட்ட எட்டு முழம் வாங்கிப்போனார்கள், மாமியார் சத்தம் கேட்கக்கூடாதென்று ஒருத்தி ஜன்னலுக்கு வாங்கிப்போய் மறுநாள் மாமியாரும் அதே காரணத்துக்காக வந்து வாங்கிப்போனாள். மேனேஜர் ஆபீசிலிருந்து ஒரு சர்க்குலர் வந்தது: எஸ்டேட் எல்லைக்குள் இறங்கும் மூடுபனி கம்பெனிக்குச் சொந்தம், தொழிலாளர் குடும்பத்துக்கு மாதம் மூன்று துண்டு. யூனியன்காரர்கள் கேட் மீட்டிங் போட்டு ஐந்து கேட்டு, நாலுக்கு ஒத்துக்கொண்டு, தீபாவளிக்கு ஒரு துண்டு போனஸ் வாங்கிக்கொடுத்தார்கள். காலை முதல் பஸ் ஆறாம் கொண்டை ஊசி வளைவில் கண் தெரியாமல் நின்றால் கண்டக்டர் லாரன்ஸ் மேலே ஓடிவருவார். நான் ரெஜினாவை இடுப்பில் வைத்துக்கொண்டு போய், பஸ் நுழைகிற அளவுக்குப் பனியில் ஒரு வாசல் வெட்டிக் கொடுப்பேன். டிரைவர் ஒரு ஹாரன் அடித்துவிட்டு நுழைவார். அவ்வளவு பெரிய வாசலைத் திறக்கத் தெரிந்த எனக்கு இவ்வளவு சின்ன வாசலைச் சாத்த முடியவில்லையே என்று நினைத்துக்கொண்டே ஏறி வருவேன்.

ஏனென்றால் கதவு அப்படியேதான் இருந்தது. கத்தி கையிலிருக்கிற பொம்பளைக்கு என்ன பயம் என்று எல்லாரும் கேட்டார்கள். வெங்காயம் வெட்டாத கத்தி கரடியை வெட்டுமா என்று நான் கேட்டேன், சிரித்தார்கள். ஆனால் சிரித்துவிட்டுச் சும்மா போகவில்லை. பனியைச் சும்மா வாங்கிக்கொள்ளவும் கூச்சம், பனிக்குக் காசு கொடுக்கவும் கூச்சம் என்பதால், வந்தவர்களெல்லாம் என் தாழ்ப்பாளைத் தள்ளிப் பார்த்து, முட்டுவதைப் பார்த்து உச்சுக்கொட்டி, மறுநாள் வரும்போது ஒரு சொட்டு எண்ணெய் கொண்டுவந்து விட்டார்கள். ஒருத்தர் தேங்காயெண்ணெய், ஒருத்தர் நல்லெண்ணெய், மீன்காரர் பொரித்து மிஞ்சியது. ஒரு மாதத்தில் தேன்பாறையிலேயே அதிகமாக எண்ணெய் குடித்த மரம் என் கதவுதான். எண்ணெய் இடுக்கு வழியாகக் கசிந்து வெளிப்பக்கமும் பளபளவென்று இறங்கியிருந்தது. அதை நானோ மற்றவர்களோ வேறு விதமாக யோசிக்கவில்லை.

பொன்னுமணி அக்காவுக்கு மட்டும் ஒரு சொட்டு எண்ணெயில் மனசு ஆறவில்லை. முதல் துண்டு வாங்கியவள் அவளல்லவா. ஆடி வெள்ளிக்கு வீட்டுப் பித்தளையெல்லாம் தேய்த்தவள், நான் ரெஜினாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த நேரத்தில், டிராயரிலிருந்து கத்தியையும் எடுத்துப்போய், புளியும் சாம்பலும் போட்டுத் தேங்காய் நாரால் தேய் தேயென்று தேய்த்து, புது தோசைக்கல்லைப் பழக்குவது போல நல்லெண்ணெயும் தடவி, முந்தானையால் துடைத்துக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம் போல மின்னியது. அவள் முகமும் அப்படித்தான் மின்னியது. நான் எப்படித் திட்டுவேன்.

அன்றைக்குச் சாயங்காலம் பனி வந்தது, டிராயர் வாய் திறக்கவில்லை. நானே எடுத்து வெட்டினேன். பனி இந்தப் பக்கம் பிரிந்து அந்தப் பக்கம் சேர்ந்துகொண்டது. என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் கிடந்த வெங்காயத்தின் மேல் வைத்தேன், சரக்கென்று இறங்கியது. இப்பத்தான் கத்தி கத்தியா நடந்துக்குது என்று இரண்டாம் வீட்டுக்காரர் சொன்னார், யாரும் சிரிக்கவில்லை. பொன்னுமணி அக்கா மறுநாள் மதியம் சாப்பிடவில்லை, ராத்திரி இரண்டு வேளைச் சோற்றையும் அழுதுகொண்டே சாப்பிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மேட்டுப்பாளையத்திலிருந்து பழனிவேல் டாக்டர் வந்தார். பல் டாக்டர், பழைய கத்திகள் சேர்க்கிறவர். கண்டக்டர் லாரன்ஸ் கடவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் போய், வாயில் பஞ்சோடு இந்தக் கத்தியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். பனி வெட்டுவதைக் கேட்டு டாக்டர் ஆச்சரியப்படவில்லை. அது அதோட இஷ்டமுங்க என்று சொல்லிவிட்டார். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நீளக் காம்பு வைத்த குட்டிக் கண்ணாடியைப் பிடிக்குள் நுழைத்து, மூட்டையும் வில்லையும் பார்த்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி நிற்கிற சொந்தக்காரர்கள் மாதிரி ஆறு வீடும் என் மேஜையைச் சுற்றி நின்றது. கத்தியை ஆட்டினார், ஆடவில்லை. விரித்தார், காதில் வைத்து மடித்தார், தலையசைத்தார். பிடியில் நகத்தை ஓட்டினார். எல்லாம் சரியாயிருக்கிறவனிடம் கெட்ட செய்தி சொல்லப்போகிறவர் போல விளக்கை அணைத்தார்.

"இந்த அலகுக்கு யாருங்க ட்ரீட்மெண்ட் பார்த்தது?"

பொன்னுமணி அக்கா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினாள். "நானுங்க. புளி போட்டு."

"எத்தன புளி?"

"ஒரு எலுமிச்சங்கா அளவு."

டாக்டர் கண்ணை மூடித் திறந்தார். "அந்தச் சாம்பல் நிறம் எழுபது வருஷத்து மேனி, அம்மிணி. ஒரு எலுமிச்சங்கா அளவுல ரசம் வெச்சுட்டீங்க."

ஆனாலும் அவர் மருத்துவர், கைவிடவில்லை. மேனி திரும்ப வரும் என்றார். தினமும் புளிப்புள்ள பழமாக வெட்ட வேண்டும், சாறு அலகில் ஒட்டியிருக்கவே ஒரு பத்து நிமிஷம் வைக்க வேண்டும், உலர்ந்த துணியால் ஒத்தி எடுக்க வேண்டும். தோலுறையில் போட்டு வைத்தால் ஈரம் பிடித்துத் துருவேறும், வேண்டாம். சாணைக்காரன் சக்கரத்தைக் காட்டவே வேண்டாம். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் எல்லாம் பிசுக்காகிச் சிக்கு நாற்றம் வரும், காட்டு மிருகத்துக்கு மூக்கு நீளம் வேறு. மூட்டில் மட்டும் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. சாம்பல் நிறம் அடியிலிருந்து ஏறி நுனியைத் தொட்ட அன்றைக்குத் தனக்குச் சொல்லியனுப்பினால், தானே எடுத்துக்கொள்வதாகவும், கொடுக்கிற விலைக்கு நிலையோடு சேர்த்துத் தேக்குக் கதவே போட்டுவிடலாம் என்றும் சொன்னார். கதவு என்றதும் நான் அவர் முகத்தைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. படியிறங்கியவர் திரும்பி நின்று விரலை ஆட்டினார்.

"எது பண்ணினாலும் இதை வெச்சு நெம்ப மட்டும் கூடாதுங்க அம்மிணி. ஒருக்கா நெம்பினா மூட்டு போச்சு, நுனி போச்சு. அப்புறம் அதை நானும் வாங்கமாட்டேன், எவனும் வாங்கமாட்டான்."

அன்றிலிருந்து தேன்பாறை லைன் பழம் தின்றது. பேரிக்காய் வந்தது, ப்ளம்ஸ் வந்தது, வேலியோரத்து மரத்தக்காளி கூடை கூடையாக வந்தது. நான் வெட்டுவேன், அலகை வைத்துவிட்டு ஜெபமாலையில் ஒரு பத்துமணி ஜெபம் சொல்லுவேன், ஒத்தி எடுப்பேன், பிள்ளைகள் தட்டைச் சுற்றி நிற்கும். ஆறு வீட்டிலும் மரத்தக்காளி ரசம், மரத்தக்காளிச் சட்னி, பேரிக்காய் ஊறுகாய். பல் கூசிப்போய் டாக்டரிடமே இரண்டு பேர் போய்வந்தார்கள். இதுவும் அவருடைய யோசனையாகத்தான் இருக்கும் என்று லாரன்ஸ் பஸ்ஸில் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வாரத்தில் நங்கூர முத்திரையைச் சுற்றி மேகம் மாதிரி ஒரு சாம்பல் நிழல் விழுந்தது. பொன்னுமணி அக்கா தினமும் வந்து, தொடாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டுப் போவாள். நிழல் ஏற ஏறப் பழம் கெட்டிப்பட்டது; முதலில் பேரிக்காய் மறுத்தது, பிறகு ப்ளம்ஸ்.

நிழல் ஏறிய கணக்கிலேயே கரடியும் ஏறி வந்தது. முதல் வீட்டுக் கோழிக்கூண்டருகே கால்தடம், நாலு நாள் கழித்து மூன்றாம் வீட்டுப் பின்கட்டில் கவிழ்ந்த எண்ணெய்த் தூக்கு, அப்புறம் ஒரு நாள் பொன்னுமணி அக்கா வாசலில். அதற்கு அடுத்த வாசல் யாருடையது என்று எண்ணத் தெரியாதவளா நான். வனத்துறைக்காரர்கள் பலாப்பழம் வைத்துக் கூண்டு போட்டார்கள். பலாப்பழத்தைக் குரங்கு தின்றது. ஞானப்பிரகாசம் பகல் ஷிப்டு கேட்டார், அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார்கள். இன்னும் கொஞ்சம்தான் செலீனா, கதவே வந்துடும் என்று சொல்லிவிட்டுப் போவார். போனதும் நான் சிலிண்டரை நகர்த்தி வைப்பேன்.

சனிக்கிழமை மதியம் கத்தி மரத்தக்காளியின் மேல் வழுக்கியது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். சாம்பல் நிறம் நுனியைத் தொட்டிருந்தது. எஸ்டேட் ஆபீஸ் போனிலிருந்து டாக்டருக்குச் சொல்லியாயிற்று. நாளைக் காலை முதல் பஸ்ஸில் வருகிறேன் என்றார். இன்னும் ஒரே ஒரு ராத்திரி. பொன்னுமணி அக்கா ஐந்தாம் வீட்டிலிருந்தே, நாளைக்குப் பாயசம் என்று கத்தினாள்.

ஏழரை மணிக்குப் பனி இறங்கியது. டிராயருக்குள்ளிருந்து, ஒரு மாதத்துக்கப்புறம், டக். நான் சிரித்துவிட்டேன். சிரித்த வாய் மூடுவதற்குள் வெளியே வேறொரு சத்தம். பாத்திரம் நக்குகிற பூனையைப் பத்து மடங்கு பெருக்கினால் வருகிற சத்தம். மேலிருந்து கீழாக, பலகை பலகையாக, மெதுவாக, ரசித்து ரசித்து, யாரோ என் கதவின் எண்ணெயை நக்கிக்கொண்டிருந்தார்கள். ஊரெல்லாம் சேர்ந்து சொட்டுச் சொட்டாக ஊற்றிய எண்ணெய். ஒவ்வொரு முறை நக்கும்போதும் கதவு ஒரு தரம் உள்ளே வந்து போனது. சிலிண்டர் முன்தினம்தான் தீர்ந்திருந்தது; காலி சிலிண்டர் தரையில் கீச்சென்று ஒரு விரல் நகர்ந்தது. அப்புறம் இன்னொரு விரல்.

கத்தியை எடுத்துக்கொண்டேன். கரடியின் மேல் ஓங்க இல்லை. அது வெங்காயத்தையே வெட்டாது. கதவைத்தான் பார்த்தேன். ஆனிப் பனி, ஆடிப் பனி, போன வருஷத்துப் பனி, நாங்கள் இந்த லைனுக்குக் குடிவருவதற்கு முன்னால் இறங்கிய பனி, எல்லாம் அந்த மரத்துக்குள்தானே ஊறிக் கிடக்கிறது என்று தோன்றியது. சாம்பல் நுனியை மேல் கீல் பக்கம் கதவுக்கும் நிலைக்கும் நடுவே செருகினேன். டாக்டரின் விரல் கண்ணுக்கு முன்னால் ஆடியது. ஆடட்டும் என்று, தோளைக் கொடுத்து, நெம்பினேன்.

மரத்துக்குள்ளிருந்து பனி பிரிந்து வந்தது. உடுப்பின் ஓரத்தையலில் ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் முழுத் தையலும் வருமே, அப்படி, அறுபடாமல், நாடா நாடாக வந்தது. நெம்பினேன், இழுத்தேன், காலடியில் சுருண்டது, முழங்கால் வரை குவிந்தது, பழைய மழையும் யூகலிப்டஸும் ஊரிலுள்ள எல்லா எண்ணெயும் சேர்ந்த வாசனை வீடு முழுக்க எழுந்தது. ரெஜினா விழித்துத் தொட்டிலிலிருந்து கையை நீட்டி அதைப் பிடிக்கப் பார்த்துச் சிரித்தாள். பூட்டுப் பக்கம் நெம்பியபோது கத்தியின் மூட்டு தளர்ந்து லொடக்கென்றது. கீழ்க் கீல் பக்கம் நெம்பியபோது ஆணியில் பட்டு, நுனி அரிசியளவுக்கு உடைந்து எங்கோ தெறித்தது. நாளைக்கு டாக்டர் விளக்கைக் கட்டிக்கொண்டு, கண்ணாடியை நுழைத்துப் பார்த்து, என்ன சொல்லுவார் என்று எனக்குத் தெரியும். பாயசத்தையாவது குடித்துவிட்டுப் போகட்டும். தேக்குக் கதவு போயிற்று. ஆனால் என் பழைய கதவு, கடைசி நாடா உருவி வந்ததும், செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருகிற கிழவர் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டு, நிலைக்குள் போய் உட்கார்ந்தது.

வெளியே நக்குவது நின்றது. ஒரு பெரிய தோள் பலகையின் மேல் சாய்வது தெரிந்தது. நான் தாழ்ப்பாளைப் பிடித்துத் தள்ளினேன். தேன்பாறை எஸ்டேட்டின் அத்தனை பேருடைய எண்ணெயும் அதில் இருந்தது, விரலுக்கு நோகாமல் ஓடிப்போய், ஆடாமல், உரசாமல், ஓட்டையின் நடுவில் விழுந்து, இழுவையில்லாமல் ஒரே ஒரு முறை சொன்னது: டக்.